எலிப்பல்லும் சிவாலிக் மண்ணும்: வாசகர் கேள்வி பதில்

இமயமலை அடிவாரத்தில் நீளும் சிவாலிக் படிவுகளில், ஜம்முவின் ராம்நகரில் கிடைத்த கபி ராம்நகரென்சிஸ் என்ற சிறு வாலில்லாக் குரங்கின் கடைவாய்ப்பல் பற்றிச் சென்ற இதழில் குறிப்பு வெளியிட்டிருந்தோம். 2020-ல் பெயரிடப்பட்ட அந்தக் குரங்கின் காலம் 1.25 கோடி முதல் 1.38 கோடி ஆண்டுகளுக்கு முன் என்றும், அதைக் கணிக்க அதே படிவுகளில் கிடைத்த கொறித்துண்ணிகள் உதவின என்றும் அதில் ஒரு வரி இருந்தது. வந்த கடிதங்கள் குரங்கை விட்டுவிட்டு எலியைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எலி இனத்தைச் சொல்ல எல்லோரும் பல்லையே தேடுவது ஏன்? மண்டை ஓடும் கால் எலும்பும் உதவாதா? (விலங்கியல் மாணவி, சேலம்)

கிடைத்தால் உதவும். கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். எலியின் மண்டை ஓடு காகிதம்போல் மெலிந்தது. ஆற்று வண்டலில் சிறிது தூரம் உருண்டாலே நொறுங்கிவிடும். எனாமல் பூசிய பல் தாங்கும். முழுத் தாடைகூட அரிது. உதிரிப் பற்களாகவே பெரும்பாலும் வரும். ஒரு எலிக்கு வாயில் 12 கடைவாய்ப்பற்களும் 4 வெட்டுப்பற்களும் இருப்பதால், கிடைக்கும் வாய்ப்பும் பெருகுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் கடைவாய்ப்பல்லின் மேல்பரப்பில் இருக்கும் குமிழ்களும் அவற்றை இணைக்கும் முகடுகளும் இனத்துக்கு இனம் மாறுகின்றன. அந்த அமைப்பு பல் முளைக்கும் முன்பே முடிவாகிவிடும். பிறகு தேயுமே தவிர வளராது. தொடை எலும்பைப் பார்த்து ‘சிறிய எலி’ என்று சொல்லலாம். அதற்கு மேல் போவது பெரும்பாலும் ஊகம்.

எந்த மண்ணை எடுக்க வேண்டும், எவ்வளவு, எப்படிக் கழுவுவது? எங்கள் கல்லூரிக் குழு இமாச்சலுக்குக் களப்பயணம் போகிறது. (புவியியல் விரிவுரையாளர், திருச்சி)

மலைச்சரிவெங்கும் செக்கச்செவேல் என்று தெரியும் பழைய மண்ணடுக்குகளில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அவற்றில் பெரிய விலங்குகளின் எலும்பு வரலாம், சிறு பற்கள் செறிந்து கிடப்பது குறைவு. ஆறு கைவிட்டுப்போன பழைய கால்வாய்களை நிரப்பிய சாம்பல் அல்லது மஞ்சள் பழுப்பு நிற வண்டலைத் தேடுங்கள். அடியில் சுண்ணாம்பு முடிச்சுகளும் களிமண் உருண்டைகளும் கலந்த ஒரு மெல்லிய அடுக்கு இருந்தால் இன்னும் நல்லது. நத்தை ஓடு, மீன் பல், முதலைப் பல், எலும்புச் சில்லு ஆகியவை மேலே தெரிந்தால் அங்கே நில்லுங்கள். பல்லின் எடைக்கும் வடிவத்துக்கும் ஏற்றவற்றை ஓடும் நீர் ஒரே இடத்தில் சேர்த்திருக்கும்.

முதலில் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் 10 முதல் 20 கிலோ மட்டும் சோதனைக்கு எடுங்கள். மேல்தோலை ஒரு சாண் அளவுக்காவது செதுக்கி எறிந்த பிறகே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலேயிருந்து சரிந்து வந்த பல்லும் கலந்துவிடும். சோதனை மண்ணில் இரண்டு மூன்று கடைவாய்ப்பல் வந்தால் திரும்பிப் போய் நூற்றுக்கணக்கான கிலோ எடுப்பதில் பொருள் உண்டு. ஒன்றும் வராத அடுக்கை நம்பி டன் கணக்கில் சுமக்காதீர்கள். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு: இடம், அடுக்கு, தேதி. உள்சீட்டைப் பென்சிலில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பேனா மை முதல் நனைதலிலேயே போய்விடும்.

கழுவும் முன் மண்ணை வெயிலில் எலும்பு மாதிரி உலர்த்த வேண்டும். இந்தப் படியைத்தான் எல்லோரும் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். நன்கு உலர்ந்த களிமண்ணைத் தண்ணீரில் போட்டால் துளைகளுக்குள் நீர் பாய்ந்து தானாகவே பொலபொலவென்று உதிரும். பாதி ஈரமாக இருந்தால் வெளிப்புறம் மட்டும் வழுக்கலாகி, உள்ளே கட்டி அப்படியே நிற்கும். கையால் பிசைந்து உடைக்கத் தோன்றும். பிசைந்தால் பல்லும் உடையும். உடையாத கட்டியை எடுத்து மறுபடி உலர்த்தி மறுபடி ஊறப்போடுவதே வழி. இரண்டு மூன்று சுற்று ஆனாலும் பரவாயில்லை.

அப்படியும் கரையாத களிமண்ணுக்கு மண்ணெண்ணெய். முழுக்க உலர்ந்த கட்டிகள் மூழ்கும் அளவுக்கு ஊற்றிச் சில மணி நேரம் ஊறவிட்டு, எண்ணெயை வடித்துவிட்டு உடனே தண்ணீர் ஊற்றுங்கள். துளைகளில் ஏறிய எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நீர் உள்ளே நுழையும்போது கட்டி உடைந்து சேறாகும். மண் ஈரமாக இருந்தால் எண்ணெய் ஏறாது, முயற்சி வீண். திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். வடித்த எண்ணெயைத் துணியில் வடிகட்டி அடுத்த மூட்டைக்குப் பயன்படுத்தலாம். ஓடையிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது.

சல்லடை இரண்டு அடுக்கு போதும். மேலே 3 மில்லிமீட்டர் கண், கீழே 0.5 மில்லிமீட்டர் கண். சல்லடையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பாதி மூழ்கவைத்து மெல்ல ஆட்டுங்கள். குழாயை மேலே நேராகப் பீய்ச்ச வேண்டாம். கழுவிய பிறகு நிழலில் உலர்த்தலாம். ஒரு அடுக்கு மண் முடிந்து அடுத்த அடுக்குக்குப் போகும் முன் சல்லடையைக் கவிழ்த்துத் துலக்க வேண்டும். வலைக்கண்ணில் சிக்கியிருக்கும் ஒரே ஒரு பல் அடுத்த அடுக்கின் காலக்கணக்கையே புரட்டிவிடும்.

நாங்கள் 1 மில்லிமீட்டர் சல்லடையில் கழுவினோம். வெட்டுப்பல் துண்டுகளும் பெரிய எலிகளின் பற்களும் மட்டுமே வந்தன. சிறிய எலிகளே அங்கு வாழவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? (ஆய்வு மாணவர், சென்னை)

கூடாது. சுண்டெலி அளவு விலங்கின் மேல் முதல் கடைவாய்ப்பல்லே 2 மில்லிமீட்டரைத் தாண்டாது. அகலம் அதைவிடக் குறைவு, மூன்றாம் கடைவாய்ப்பல்லோ 1 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும். அவையெல்லாம் உங்கள் வலைக்கண் வழியாகச் சேற்றோடு போயிருக்கும். சேற்றைக் கொட்டிய இடம் நினைவிருந்தால் அதை 0.5-ல் மறுபடி அலசுங்கள். பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

இனிமேல் ஒரு சோதனை செய்து பாருங்கள். எந்த மாதிரியிலும் முதல், இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். முதல் பல் ஏராளம், மூன்றாம் பல் அபூர்வம் என்றால் சல்லடையோ பொறுக்கிய கண்ணோ சிறியதைத் தவறவிட்டிருக்கிறது.

மண் பாறையாக இறுகியிருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் நன்றாகப் பொங்குகிறது. அதிலேயே கரைக்கலாமா?

கரைக்கலாம், பல்லும் சேர்ந்து கரையும். பல் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. அந்த அமிலம் சுண்ணாம்பையும் பல்லையும் வேறுபடுத்திப் பார்க்காது. பொங்குகிறதா என்று பார்க்க ஒரு சொட்டு விடுங்கள், அதோடு சரி.

சுண்ணாம்பால் இறுகிய பாறைக்கு 5 முதல் 10 சதவீத அசிட்டிக் அமிலம்தான் வழக்கம். தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. புதிய கரைசல் பல்லையும் லேசாக அரிக்கும். அதைத் தடுக்க, முந்தைய தொட்டியில் பயன்பட்டுத் தளர்ந்த கரைசலில் கொஞ்சம் கலந்துகொள்வார்கள். அல்லது கால்சியம் பாஸ்பேட் தூள் சிறிது சேர்ப்பார்கள். பொங்குவது நின்றதும் எடுத்து, அமிலத்தில் இருந்த நேரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் நல்ல நீரில் ஊறவிட்டு மாற்றி மாற்றி அலச வேண்டும். இதைச் சுருக்கினால் பல்லின் துளைகளில் தங்கிய கால்சியம் அசிட்டேட் உலரும்போது படிகமாகி எனாமலைப் பிளந்துவிடும். அமிலத்தில் தப்பிய பல் அலமாரியில் உடைவது இப்படித்தான்.

கழுவிய பிறகு கிடைக்கும் குப்பையில் 99 பங்கு மணல். பொறுக்கிப் பொறுக்கிக் கண் போகிறது. குறுக்குவழி உண்டா? (கோவை)

மணலின் முக்கியப் பகுதியான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. பல்லின் கனிமத்துக்கு 3.1-க்கு மேல். இரண்டுக்கும் நடுவே 2.75 அடர்த்தியுள்ள கரைசலில் போட்டால் மணல் மிதக்கும், பல் மூழ்கும். சோடியம் பாலிடங்ஸ்டேட் இதற்கு ஏற்றது. முன்பு பயன்பட்ட புரோமோஃபார்ம் நச்சு, வேண்டாம். பாலிடங்ஸ்டேட்டைக் காய்ச்சி வடித்த நீரில் மட்டுமே கரைக்க வேண்டும். குழாய்நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் வெண்ணிற வீழ்படிவாகி விலையுயர்ந்த கரைசல் வீணாகும். சுண்ணாம்பு மிச்சமுள்ள குப்பையை அதில் போடுவதும் அதே கதைதான். இரும்புச் சத்துள்ள சிறு முடிச்சுகளும் பல்லோடு சேர்ந்து மூழ்கும், அதற்கு மாற்றில்லை.

அது வாங்க முடியாத இடத்தில், குப்பையைக் கண் அளவு வாரியாகப் பிரித்து, ஒரே அளவுள்ள துகள்களைக் கருப்புத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, 10 மடங்கு பெருக்கும் இருகண் நுண்ணோக்கியில் பாருங்கள். எல்லா அளவும் கலந்து கிடக்கும்போது கண் பெரியதையே பிடிக்கும். பல்லை எடுக்க இடுக்கி வேண்டாம். இறுக்கிய இடுக்கியிலிருந்து தெறித்த பல் தரையில் மறுபடி கிடைக்காது. நுனி நனைத்த மெல்லிய தூரிகை போதும்.

மூஞ்சூறு, முயல் பற்களை எலியிலிருந்து எப்படிப் பிரிப்பது? (உயிரியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்)

மூஞ்சூறும் முள்ளெலியும் நம் பேச்சில் எலிக்கூட்டம்தான், வகைப்பாட்டில் இல்லை. மூஞ்சூறின் மேல் கடைவாய்ப்பல் கூர்முனைகளோடு, வெளிப்புற ஓரம் ‘டபிள்யூ’ வடிவில் மடிந்திருக்கும். வௌவாலுக்கும் ஏறக்குறைய அப்படியே, ஆகவே மூஞ்சூறா வௌவாலா என்பது தனித் தலைவலி. முயலின் கடைவாய்ப்பல் வேரில்லாத உயரமான தூண். மேல்தாடையில் பெரிய வெட்டுப்பல்லுக்குப் பின்னால் இன்னொரு சிறு வெட்டுப்பல் ஜோடியும் இருக்கும். கொறித்துண்ணிக்கு மேலும் கீழும் ஒரே ஜோடிதான், எனாமல் முன்புறத்தில் மட்டும்.

கொறித்துண்ணிகளுக்குள் முதலில் குடும்பத்தைப் பிரியுங்கள். சிவாலிக்கில் வரும் அணில் பல்லில் நடுவே ஆழமில்லாத பள்ளமும் குறுக்கே தாழ்ந்த முகடுகளும் இருக்கும், முன்கடைவாய்ப்பல்லும் உண்டு. மூங்கில் எலிகளின் பல் உயர்ந்து, தேய்ந்த பரப்பில் எனாமல் தீவுகளாகத் தெரியும். இன்று வட ஆப்பிரிக்காவில் வாழும் குண்டி (gundi) என்ற கொறித்துண்ணியின் உறவான சாயிமிஸ் என்றால் பக்கவாட்டில் உள்வாங்கிய மடிப்புகள். இன்று ஆப்பிரிக்காவில் மட்டும் இருக்கும் கரும்பு எலிகளின் உறவான பாராவ்லாகோடஸும் சிவாலிக்கில் உண்டு. இவையெல்லாம் ஒரு பார்வையில் பிரிந்துவிடும். உண்மையான வேலை வெள்ளெலி வகைக்கும் எலி வகைக்கும் நடுவே.

அந்த நடுவேயுள்ள வேலையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். டி1, டி4 என்று கட்டுரைகளில் போடுவது என்ன? (ஆய்வு மாணவி, பெங்களூரு)

எலி வகையின் மேல் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே மூன்று வரிசைக் குமிழ்கள். முன் வரிசையில் நாக்குப் பக்கத்திலிருந்து கன்னப் பக்கமாக டி1, டி2, டி3. நடு வரிசையில் டி4, டி5, டி6. பின் வரிசையில் டி7, டி8, டி9. நாக்குப் பக்க நெடுக்கு வரிசை டி1, டி4, டி7 என்று அமையும். டி7 பல இனங்களில் இருக்காது. சுண்டெலியில் இல்லை, ஐரோப்பிய மர எலியான அபோடெமஸில் உண்டு.

பெயரிடும் முன் பல்லின் இடத்தை நிர்ணயிக்க வேண்டும். மேல்பல்லில் குமிழ்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், கீழ்ப்பல்லில் முன்னோக்கி. எலிக்கு முன்கடைவாய்ப்பல் இல்லாததால் முதல் கடைவாய்ப்பல்லின் முன்முகத்தில் பக்கத்துப் பல் உரசிய தேய்வுத் தடம் இருக்காது. பின்முகத்தில் மட்டும் இருக்கும். முன்முனை மேலே இருக்கும்படி பல்லின் பரப்பைப் பார்க்கும்போது டி1, டி4 உங்கள் வலக்கைப் பக்கம் வந்தால் அது வலது மேல்பல். கட்டுரைகளில் ஒப்பிட வசதியாக வலப்பல் படங்களைப் புரட்டி இடப்பல்போல் அச்சிடுவது உண்டு. படக்குறிப்பைப் படிக்காமல் ஒப்பிட்டால் எல்லாம் தலைகீழாகும்.

வேரையும் எண்ணுங்கள். சுண்டெலியின் மேல் முதல் பல்லுக்கு மூன்று வேர், வீட்டு எலியான ரேட்டஸுக்கு ஐந்து. பல் விழுந்த வெறும் தாடையில்கூட வேர்க்குழிகளை எண்ணி இதைச் சொல்லிவிடலாம்.

இனி சிவாலிக் வரிசை. பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியில் சின்ஜி, நாக்ரி, டோக் பதான் என்று அடுக்கடுக்காக வரும் படிவுகளின் காலம் பாறையில் பதிந்த காந்தப்புலத் திசையைக் கொண்டு கணிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எந்தப் பல் முன்னது, எது பின்னது என்பதில் சண்டை குறைவு. பழைய அடுக்குகளில் மேகாக்ரிசெடோடான், டெமோக்ரிசெடோடான் போன்ற வெள்ளெலி வகைகள். இவற்றில் குமிழ்கள் இரண்டு நெடுக்கு வரிசை மட்டுமே, அவற்றை நடுவே ஒரு நீள முகடு கட்டிப்போடும். முன்குமிழ் இரண்டாகப் பிளந்திருந்தால் மேகாக்ரிசெடோடான் பக்கம், பிளவின்றி ஒற்றையாக இருந்தால் டெமோக்ரிசெடோடான் பக்கம் என்று தொடங்கலாம்.

அதன்பின் சின்ஜி படிவில் ஆன்டெமஸ் சின்ஜியென்சிஸ் வருகிறது. லூயிஸ் ஜேக்கப்ஸ் 1977-ல் பெயரிட்டது, ஏறக்குறைய 1.38 கோடி ஆண்டு பழையது. இதில் நாக்குப் பக்கத்தில் டி1, டி4 முளைத்துவிட்டன. நீள முகடு மறையத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்தப் புதுக் குமிழ்கள் பக்கத்துக் குமிழ்களோடு இன்னும் சரியாகக் கைகோக்கவில்லை. அடுத்து வரும் ப்ரோகோனோமிஸில் டி1–டி2–டி3, டி4–டி5–டி6 ஆகியவை இணைந்து வளைந்த வரிசைகளாகிவிடும். அதோடு கூடவே கர்னிமாட்டா என்ற இன்னொரு கிளை. ப்ரோகோனோமிஸில் டி1 பின்தங்கி நிற்கும், பல் சற்று நீண்டு ஒடுங்கும். கர்னிமாட்டாவில் டி1 முன்னேறி டி3-க்கு ஏறக்குறைய நேராக வரும், பல் அகலம். டி1 மிகவும் பின்னால் போய், பல்லின் முன்பகுதி நீண்டு துருத்தினால் சுண்டெலியின் பேரினமான மஸ் வாசலில் நிற்கிறீர்கள். 1978-ல் ஜேக்கப்ஸ் பெயரிட்ட மஸ் ஆக்டர் போட்வாரின் மேலடுக்குகளிலிருந்து வந்தது.

இவ்வளவையும் கீழ்ப்பல்லில் காண முடியாது. அங்கே குமிழ்கள் ஜோடி ஜோடியாகவே இருக்கும், வேறுபாடு நுட்பம். கீழ்ப்பல் மட்டும் கையில் இருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே அடுக்கில் கிடைத்த பற்களில் சிலவற்றில் டி1 தனியாகவும் சிலவற்றில் டி2-வோடு இணைந்தும் இருக்கிறது. இரண்டு இனமா? (அதே மாணவி)

முதலில் தேய்வைப் பாருங்கள். குமிழ்களின் உச்சிகள் தனித்தனி, அடிப்பகுதிகள் ஒன்று. புதுப்பல்லில் தனித்து நிற்பவை தேயத் தேய இணைந்துவிடும். ஆகவே பற்களைப் புதியது, அரைத்தேய்வு, முழுத்தேய்வு என்று மூன்று தட்டில் பிரித்து, ஒரே தட்டுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். கிழட்டு ஆன்டெமஸின் தேய்ந்த பல்லை இளம் ப்ரோகோனோமிஸ் என்று எழுதியவர்களுக்குப் பஞ்சமில்லை.

பிறகு அளவு. ஒவ்வொரு பல்லின் அதிகபட்ச நீளம், அகலம் இரண்டையும் ஒரே நிலையில் வைத்து அளந்து வரைபடத்தில் புள்ளியிடுங்கள். பல் சாய்ந்தால் அளவும் மாறும், ஆகவே மெழுகில் நிறுத்தி எனாமல் அடி விளிம்பு கிடைமட்டமாக இருக்கும்படி பாருங்கள். பத்துப் பல்லை மறுநாள் மறுபடி அளந்து உங்கள் கைப்பிழை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். அது 0.05 மில்லிமீட்டர் என்றால் 0.04 வித்தியாசத்தை வைத்து இனம் பிரிக்க முடியாது. ஒரே பல் வகையில் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண் 10-ஐத் தாண்டினால் கலப்பு என்று சந்தேகிக்கலாம். மூன்றாம் கடைவாய்ப்பல்லுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம், அது இயல்பிலேயே அதிகம் மாறும்.

மூங்கில் எலி போன்ற உயர்ந்த பற்களில் இன்னொரு பொறி. அங்கே தேய்வுக்கு ஏற்ப மேல்பரப்பின் நீள அகலமே மாறும், ஆகவே அடிப்பகுதியில் அளக்க வேண்டும். கனிசாமிஸ் இண்டிகஸ், கனிசாமிஸ் நாக்ரி, கனிசாமிஸ் சிவாலென்சிஸ் என்ற வரிசையில் காலப்போக்கில் பல் உயரம் கூடுகிறது. தேய்வைக் கணக்கில் எடுக்காமல் உயரத்தை மட்டும் பார்த்தால் பேரனைத் தாத்தா என்போம்.

ஐந்துக்கும் குறைவான பற்களோடு புது இனப் பெயர் சூட்டுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. பெயர் வைப்பது சுலபம், பிறகு வருபவர்கள் அதை நீக்குவதுதான் கடினம். ‘ப்ரோகோனோமிஸ், இனம் உறுதியில்லை’ என்று எழுதுவதில் குறைச்சல் எதுவும் இல்லை.

வெட்டுப்பல்லை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியுமா?

இனம் முடியாது, பெரும்பிரிவு முடியும். பல்லை நெடுக்காக வெட்டி மெருகேற்றி, நீர்த்த அமிலத்தில் சில வினாடி காட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எனாமலின் பட்டைகளைப் பார்க்க வேண்டும். பட்டைகள் ஒற்றைப் படிக அகலமாக இருந்தால் எலி, அணில் வகையினர். பல படிக அகலமாக இருந்தால் முள்ளம்பன்றி, குண்டி வகையினர். பல்லை வெட்டுவதால் எல்லாவற்றுக்கும் இதைச் செய்ய முடியாது.

சுண்டெலியும் வீட்டு எலியும் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று மரபணுக் கட்டுரைகளில் படிக்கிறேன். அந்த எண் சிவாலிக்கிலிருந்தா வந்தது? (மருத்துவ மாணவர், மதுரை)

ஆம். ஆன்டெமஸிலிருந்து ப்ரோகோனோமிஸ் வரும் வரிசையைக் கொண்டு, மஸ்–ரேட்டஸ் பிரிவு ஏறக்குறைய 1.2 கோடி ஆண்டுக்கு முன் என்று எடுத்துக்கொண்டார்கள். மரபணு மாற்ற வேகத்தைக் கணக்கிடப் பல ஆய்வுகள் அதை அளவுகோலாக்கின. 2015-ல் கிமுரா குழுவினர் பற்களின் வடிவத்தை மறுபடி ஆராய்ந்து, முன்பு எண்ணியதுபோல் கர்னிமாட்டா ரேட்டஸின் மூதாதை அல்ல, ஆப்பிரிக்கப் புல் எலிகளான ஆர்விகாந்திஸ் கிளையைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். ஆகவே சிவாலிக் பற்கள் காட்டும் சுமார் 1.11 கோடி ஆண்டு என்பது மஸ், ஆர்விகாந்திஸ் கிளைகள் பிரிந்த காலம். ரேட்டஸ் அதற்கும் முன்பே பிரிந்திருக்க வேண்டும். டி1 எங்கே நிற்கிறது என்ற கேள்வி மரபணுக் கணக்குவரை போகிறது பாருங்கள்.

ஒரே இடத்தில் இத்தனை எலிப்பல் சேர்வது எப்படி? எலிகள் கூட்டமாகச் செத்தனவா?

பெரும்பாலும் யாரோ தின்று துப்பியவை. ஆந்தை இரையை முழுதாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். கூகை கக்கிய பற்களில் எனாமல் அரிப்பு மிகக் குறைவு. கொம்பன் ஆந்தையில் கொஞ்சம் கூடும். நரி, புனுகுப்பூனை போன்ற பாலூட்டிகளின் எச்சத்தில் எனாமல் ஓரங்கள் மழுங்கி உருகியதுபோல் இருக்கும். முதலை வயிற்றைக் கடந்த பல்லில் எனாமலே மிஞ்சாது, அதன் அடியிலுள்ள டென்டின் மட்டும் வரும். இது இனம் காண்பதிலும் கைவைக்கிறது. கூகைக்குச் சிறிய எலிதான் விருப்பம். அது சேர்த்த குவியலில் பெருச்சாளி அளவு விலங்கு இல்லையென்றால், அந்த ஊரிலேயே இல்லை என்று பொருளாகாது.

அகழாய்வுக் குழியின் ஆழமான அடுக்கில் பெருச்சாளித் தாடை கிடைத்தது. அந்த அடுக்கின் காலமே அதற்கும் என்று எழுதலாமா? (தொல்லியல் மாணவர், மதுரை)

வளை தோண்டும் விலங்கின் எலும்பை அடுக்கின் காலத்தோடு ஒட்டவே கூடாது. மேலே வாழ்ந்தது கீழே போய்ச் செத்திருக்கும். குழிச்சுவரைக் கரணையால் மழித்துப் பாருங்கள். நிறம் மாறிய வட்டமோ நீள்வட்டமோ தெரிந்தால் அது பழைய வளை. தாடை அதற்குள்ளோ அருகிலோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். மற்ற எலும்புகள் கறுத்துக் கறையேறியிருக்க இது மட்டும் தந்தநிறமாக இருப்பதும், முழு எலும்புக்கூடு இணைந்தே கிடப்பதும் அதே அறிகுறிகள். உறுதி வேண்டுமானால் அந்த எலும்பையே நேரடியாகக் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்புங்கள். பக்கத்தில் கிடந்த கரித்துண்டை அல்ல.

தமிழ்நாட்டில் எங்கே தேடலாம்? அரியலூரில் கிடைக்குமா?

அரியலூர்ப் படிவுகள் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலக் கடலடி. கொறித்துண்ணிகள் பூமியில் தோன்றியதே அதற்கு வெகுகாலம் கழித்து, ஏறக்குறைய 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன். திருவக்கரையில் கல்மரம் கிடைக்கிறது, ஆனால் மரத்தைச் சிலிக்காவாக்கிய அந்த மணற்கல் எலும்புக்கு உகந்ததல்ல. அருகில் என்றால் ஆந்திராவின் கர்னூல் சுண்ணாம்புக் குகைகள். 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட் 1880-களில் பில்லசுர்கம் குகைகளை ஆராய்ந்தார். அங்கே கிடைத்த விலங்கு எச்சங்களை லிடெக்கர் 1886-ல் விவரித்தார். சுண்ணாம்புச் சூழல் எலும்பைக் காக்கும். ஆனால் அவை அண்மைக்காலப் படிவுகள், வரும் எலிகளும் பெரும்பாலும் இன்றைய இனங்களின் உறவுகள்.

புதைபடிவமாக மட்டும் தெரிந்த கொறித்துண்ணி உயிரோடு கிடைத்ததுண்டா? (பள்ளி மாணவன், தூத்துக்குடி)

உண்டு. லாவோஸ் நாட்டுச் சந்தையில் இறைச்சிக்கு விற்ற ஒரு விலங்கு 2005-ல் லாவோனாஸ்டெஸ் என்று பெயர் பெற்றது. புதுக் குடும்பம் என்றே முதலில் எழுதினார்கள். 2006-ல் மேரி டாசன் குழுவினர் அதன் பல்லையும் தாடையையும் பார்த்து, ஏறக்குறைய 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனதாகக் கருதப்பட்ட டயாடோமிடே குடும்பத்தின் எஞ்சிய உறுப்பினர் அது என்றார்கள். அந்த முடிவுக்கு வழிகாட்டியது ஆசியப் படிவுகளிலிருந்து பொறுக்கிய பற்கள்.

எங்களிடம் உள்ள பற்களை நிபுணர்களுக்குக் காட்ட வேண்டும். எப்படி வைத்திருப்பது, எப்படிப் படமெடுப்பது? (புவியியல் விரிவுரையாளர், திருச்சி)

ஒவ்வொரு பல்லையும் குண்டூசித் தலையில் நீரில் கரையும் பசையால் ஒட்டுங்கள். அதிவேகப் பசை வேண்டாம், வேர்க்குழிக்குள் ஏறினால் எடுக்க முடியாது. ஊசியைத் தக்கையில் குத்திக் கண்ணாடிக் குப்பிக்குள் தலைகீழாக மூடிவையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் தனியாகப் போட்டால் நிலைமின்னால் சுவரில் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது தெறிக்கும். ஒரு பல்லுக்கு ஒரு எண்.

படம் மேல்பரப்பு, நாக்குப் பக்கம், கன்னப் பக்கம் என மூன்று கோணத்தில், அளவுகோலோடு. வெள்ளைப் பல்லில் விளக்கு பளிச்சிட்டால் முகடுகள் மறையும். ஒளியை ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விடுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பும் முன் தங்கம் பூச வேண்டுமா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். குறைந்த வெற்றிடத்தில் பூச்சில்லாமலே எடுக்கும் கருவிகள் உண்டு. தங்கம் பூசிவிட்டால் எனாமலின் நிறத்தையும் அரிப்பையும் பிறகு பார்க்க முடியாது. அஞ்சலில் பல்லையே அனுப்ப வேண்டாம். படமும் அளவும் எந்த அடுக்கு என்ற குறிப்பும் அனுப்பினால் பேரினம்வரை பதில் வந்துவிடும். அடுக்குக் குறிப்பு இல்லாத பல்லுக்கு எவ்வளவு நல்ல படம் அனுப்பினாலும் முதலில் வரும் பதில் ‘எங்கே எடுத்தீர்கள்?’ என்பதாகவே இருக்கும்.